நின்றபடி நகரும் குற்றம்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கவலைதான். எங்கேயாவது யாராவது இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் இவர் சாலையில் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பார். உள்ளே மாட்டியவருக்காவது அழுத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. இவருக்கு அதுவும் கிடையாது.

அவருடைய முதலாளி கோபம் வந்தால் மட்டுமே பேசுவார். ஆகவே ஓயாமல் பேசுவார்.

"அரை மணிக்குள்ள ஆள் வந்து நிக்கும்னு ஊரெல்லாம் எழுதிக் குடுத்திருக்கேன்யா. ஏற்கெனவே ரெண்டு தடவ லேட். இன்னொரு தடவ ஆச்சு, நீ வீட்டுல உக்காந்து உன் பொண்டாட்டி மிக்ஸியப் பழுது பாரு!"

இதை வீட்டில் சொன்னபோது மனைவி, "நல்லதாப் போச்சு. மிக்ஸியும் ரொம்ப நாளா அப்படியேதான் கெடக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வேற வேல கெடைக்குமா?" என்று கேட்டார். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் பற்றி இருவருமே பேசவில்லை. பேசாததால் அது இரவு முழுக்க அறையில் உலாவிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் அந்த ஸ்கூட்டரை வாங்கினார். ஸ்கூட்டர் என்றதும் நீங்கள் உட்கார்ந்து போகும் வண்டியை நினைக்க வேண்டாம். இது ஒரு பலகை. கீழே இரண்டு குட்டிச் சக்கரங்கள். முன்னால் ஒரு கம்பி. கம்பியின் உச்சியில் கைப்பிடி. பலகையில் ஏறி நின்று விசையை அழுத்தினால் சத்தமே இல்லாமல் போகும். மடித்தால் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். நெரிசலில் நிற்கும் கார்களுக்கு நடுவே நூல் கோப்பதுபோல் புகுந்து புறப்படலாம்.

அன்று முதல் எந்த லிஃப்ட் நின்றாலும், உள்ளே இருப்பவர் வேர்ப்பதற்கு முன்பே இவர் வெளியே நின்றார். திட்டுவதற்குக் காரணம் கிடைக்காத முதலாளிக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

பிறகு ஒரு நாற்சந்தியில் ஆய்வாளர் கை காட்டினார். சாலைப் பாதுகாப்புத் துறையின் ஆய்வாளர். சட்டை மடிப்பில் விரல் பட்டால் அறுத்துவிடும்.

"இது என்ன?"

"ஸ்கூட்டர் சார்."

"சீட்டு எங்க?"

"சீட்டு கெடையாது சார். நின்னுட்டேதான் போகணும்."

"சீட்டு இல்லாதது எப்படிய்யா வண்டியாகும்? வண்டியே இல்லாதத ரோட்டுல எப்படி ஓட்டலாம்?"

நியாயமாகத்தான் பட்டது. லிஃப்ட்காரர் ஸ்கூட்டரைத் தூக்கி நடைபாதையில் வைத்தார்.

"ஏய், ஏய்! வண்டிய எதுக்கு நடைபாதையில ஏத்துற?"

"இப்பதான சார் வண்டியில்லன்னீங்க?"

"ரோட்டுல அது வண்டியில்ல. நடைபாதையில அது வண்டி. சக்கரம் இருக்குல்ல?"

"அப்ப சைக்கிள் பாதையில…?"

"பெடல் எங்க?"

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி சிவப்பு விளக்கைப் பொருட்படுத்தாமல் பாய்ந்து, 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையைச் சாய்த்துவிட்டு, மெதுவாகச் செல்லாமலே போனது. லிஃப்ட்காரர் லாரியைப் பார்த்தார். ஆய்வாளரையும் பார்த்தார்.

"அதுல சீட்டு இருக்கு" என்றார் ஆய்வாளர்.

"அப்ப நான் இத எங்கதான் சார் ஓட்டுறது?"

ஆய்வாளர் கெட்டவர் அல்ல. குரலை இறக்கி, உறவுக்காரப் பையனுக்குப் புத்தி சொல்வதுபோல் சொன்னார்: "இத விக்கலாம், வாங்கலாம். சார்ஜ் போடலாம். தொடச்சு வைக்கலாம். வரி கட்டலாம், அது கண்டிப்பாக் கட்டணும். பொது எடத்துல நகரக் கூடாது, அவ்வளவுதான். தனியார் எடம்னா, எடத்துக்காரர் சம்மதிச்சா, தாராளமா ஓட்டு. யாரு கேக்கப்போறா?"

அதோடு விடவில்லை. விசாரணைக்கு வரச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார்.

துறையின் கட்டடம் பல மாடி. மேல் மாடியில் 'நின்றநிலை மின் ஊர்திப் பாதுகாப்பு உயர்மட்டக் குழு' இருந்தது. லிஃப்டில் ஏறும்போதே லிஃப்ட்காரருக்கு நெருடியது. கதவு ஒருமுறை தும்மி, யோசித்து, பிறகு மூடியது. லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில், எல்லா மாடிகளிலும், கண்ணாடி போட்ட அறிவிப்பு ஒன்று தொங்கியது. எழுத்து பெரிதாக இருந்தது:

'இருக்கையின்றி, நின்றபடி, மின்விசையால் ஆளைச் சுமந்து நகரும் எந்தச் சாதனமும் பொதுச்சாலையில் தடை செய்யப்படுகிறது. நகர்த்துபவரின் தொழில் உரிமம் ரத்து செய்யப்படும்.'

குழுவில் மூவர். நடுவில் இயக்குநர். அவருக்குப் பின்னால் ஒரு படம்: தலைக்கவசம் அணிந்த ஒருவர், ஸ்கூட்டருக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், புன்னகையுடன் நிற்கிறார்.

"நாங்க இந்த ஸ்கூட்டருக்கு எதிரியில்ல. இத மொதல்ல நீங்க புரிஞ்சுக்கணும்" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "நவீனத்த நாங்க ரெண்டு கையாலயும் வரவேற்கிறோம். அது நகர்றதுதான் எங்களுக்குப் பிரச்சினை. நின்ன எடத்துல நின்னா எவ்வளவு பாதுகாப்பான வண்டி தெரியுமா? நம்ம கணக்குப்படி இந்த ஊர்தியால இதுவரைக்கும் ஒரு விபத்துகூட இல்ல. அனுமதியே இல்லாததுல எப்படி விபத்து வரும்? இந்தச் சாதனைக்காக எனக்கு விருது குடுக்கப்போறாங்க."

"ரோட்டுல லாரிங்க கண்ணு மண்ணு தெரியாம வருது சார். குழி வேற…"

"லாரி நாலாவது மாடி. குழி மூணாவது மாடி. இங்க வந்து அதையெல்லாம் கலக்காதீங்க."

இடப்பக்கத்து உறுப்பினர் தலையைச் சொறிந்தார். "சார், இத எப்படி ஓட்டுறாங்கன்னு ஒரு தடவ பாத்துட்டா நல்லா இருக்கும். தடை போட்டதுலேர்ந்து நம்ம யாரும் பாத்ததில்ல."

ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஆனால் அறை அரசு இடம். அரசு இடத்தில் சாதனம் நகரக் கூடாது. ஆகவே சாதனத்தை மூலையில் வைத்துவிட்டு, சாதனம் இல்லாமல் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். லிஃப்ட்காரர் வெறும் தரையில் நின்று, காற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டை விரலால் இல்லாத விசையை அழுத்தினார்.

"திரும்புங்க" என்றார் இயக்குநர். திரும்பினார்.

"பிரேக் போடுங்க." போட்டார்.

"கொஞ்சம் வேகம் அதிகம்தான்" என்று வலப்பக்கத்து உறுப்பினர் குறித்துக்கொண்டார்.

கடைசியில் எச்சரிக்கையோடு அனுப்பினார்கள். இன்னொரு தடவை பொதுச்சாலையில் இப்படிப்பட்ட சாதனத்தை நகர்த்தினால், லிஃப்ட் பார்க்கும் உரிமமே போய்விடும். நேரத்துக்குப் போகாவிட்டால் முதலாளி வேலையைப் பறிப்பார். நேரத்துக்குப் போனால் துறை பறிக்கும். லிஃப்ட்காரர் கீழே இறங்கும்போது, இரண்டில் எது மரியாதையாகப் பறிக்கும் என்று யோசித்தார்.

வீட்டில் மனைவிதான் வழி கண்டுபிடித்தார். "தனியார் எடத்துல ஓட்டலாம்னுதான சொன்னாரு? நம்ம தெருவுலேர்ந்து கடைத்தெரு முடியிற வரைக்கும் என்ன இருக்கு? எல்லாம் கடை. எல்லாம் தனியார் எடம். போய்க் கேளுங்க."

லிஃப்ட்காரர் போய்க் கேட்டார். பேக்கரி அக்கா, அடுப்பு அறை வழியாகப் போக உடனே சம்மதித்தார். "மாவுல மட்டும் ஏத்திறாதீங்க தம்பி." அடுத்து முடிதிருத்தும் கடை, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பாதை. அதற்கு அடுத்து, தெருவின் பாதி நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் மரச்சாமான் கடை. அதன் பின்வாசல் மருத்துவமனைக்குப் பக்கத்தில் திறக்கும். அவர் பார்க்கும் லிஃப்டுகளில் பாதி அந்தப் பக்கம்தான். கடைகளுக்கு இடையே இருக்கும் சந்துகளை ஸ்கூட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாண்டினார். நகராத ஸ்கூட்டர் குற்றமல்லவே.

அபாரமாக வேலை செய்தது. காலையில் பேக்கரிக்குள் நுழைந்தால் ரொட்டி வாசனையோடு புறப்பட்டு, முடிதிருத்தும் கடையில் யாருடைய மீசையிலாவது கத்தி ஒரு கணம் தடுமாற, மரச்சாமான் கடையின் அலமாரிப் பிரிவு, மேசைப் பிரிவு, மெத்தைப் பிரிவு எல்லாம் கடந்து, மருத்துவமனை வாசலில் வெளிப்படுவார். நகரத்தின் மற்ற சாலைகளில் இருந்த குழி ஒன்றுகூட இதில் கிடையாது.

இதைப் பார்த்து மருத்துவமனை நர்ஸ் ஒரு ஸ்கூட்டரோடு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர். ஒரு நாள் நர்ஸ் திருப்பத்தில் சறுக்கி விழுந்தார். விழுந்தது மெத்தைப் பிரிவில். எழுந்திருக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு, அந்த மெத்தையையே வாங்கிக்கொண்டு போனார். உலகத்தில் எந்தச் சாலையிலும் விபத்தில் சிக்கியவர் இவ்வளவு திருப்தியாக வீட்டுக்குப் போனதில்லை.

வியாபாரம் பெருகியதும் மரச்சாமான் கடைக்காரருக்கும் விதி போடும் காய்ச்சல் தொற்றியது. கழுத்தில் ஊதல் மாட்டிக்கொண்டார்.

"ஏம்ப்பா, சோபாவுக்கு எடது பக்கமாப் போ! ஊஞ்சல் கிட்ட முந்தாதன்னு எழுதிப் போட்டிருக்கேன்ல? படிக்கத் தெரியாது?"

"அண்ணே, உங்க கடையா, ட்ராஃபிக்கா?" என்று நர்ஸ் கேட்டார்.

"ரெண்டும்தாம்மா. கட்டில் கிட்ட சிக்னல் வெக்கப்போறேன்."

விஷயம் மேல் மாடிக்கு எட்டியது. ஒரு நகரத்தின் மக்கள் பாதுகாப்பாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், அதுவும் அனுமதி பெறாமல் என்பதை இயக்குநரால் தாங்க முடியவில்லை. குழு அவசரமாகக் கூடி ஒரு திருத்தம் போட்டது: 'பொதுமக்கள் வந்துபோகும் எந்த இடமும், அதற்குக் கூரை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொதுச்சாலையே.' எல்லா மாடிகளிலும் தொங்கிய அறிவிப்புக்குக் கீழே இதையும் ஒட்டினார்கள்.

அவ்வளவுதான். மெத்தைப் பிரிவு சாலையாகிவிட்டது. சாலை என்று அறிவித்த மறுநாளே மூன்றாவது மாடியிலிருந்து ஆட்கள் கடப்பாரையோடு வந்து, கட்டில்களுக்கு நடுவே குழி தோண்டி, மூடாமல் போனார்கள். முடிதிருத்தும் கடைக்குள் ஒரு லாரி நுழைய முயன்று, முடியாமல் வாசலிலேயே நின்றது. ஆய்வாளர் வந்து லிஃப்ட்காரரின் ஸ்கூட்டரைப் பறித்தார்.

"சாரி தம்பி. நேத்து வரைக்கும் இது கடை."

ஸ்கூட்டர் துறைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் ஓடினார். கருவிப்பை முதுகில் குதிக்க, ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தார். இரவில் மனைவி கால்களுக்குத் தைலம் தேய்த்தார். தூக்கத்திலும் கால்கள் ஓடின. போர்வை தினமும் கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

விருது நாள் வந்தது. இயக்குநர் கோட்டுப் போட்டுக்கொண்டு, குழு உறுப்பினர் இருவரையும் அழைத்துக்கொண்டு, மேல் மாடியில் லிஃப்டில் ஏறினார். கதவு தும்மியது. யோசித்தது. மூடியது. நாலாவது மாடிக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிட்டது.

முதலாளியின் குரல் ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது. "யோவ், யாரு மாட்டிருக்காங்கன்னு தெரியுமா? பெரிய எடம்யா! நானும் அங்கதான் வர்றேன். அரை மணி தாண்டுச்சு, நீ எனக்கு யாரோ, நான் உனக்கு யாரோ!"

லிஃப்ட்காரர் ஊரின் மறுமுனையில் இருந்தார். பேருந்து நகரவில்லை, எங்கேயோ ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. இறங்கி ஓடினார். நடுவழியில் ஃபோன் அடித்தது. இயக்குநரே பேசினார்.

"எங்கய்யா இருக்க? இங்க மூச்சு முட்டுது!"

"ஓடி… வந்துட்டிருக்கேன் சார்."

"ஓடியா? உங்கிட்ட ஏதோ வண்டி இருந்துச்சே?"

"அது… உங்க காலுக்குக் கீழதான் சார் இருக்கு. கீழ்த்தளத்துல."

"சரி, சரி, வேகமா ஓடு. ரோட்டக் கடக்கும்போது ரெண்டு பக்கமும் பாத்துக் கட" என்றார் இயக்குநர். பாதுகாப்பு அவர் ரத்தத்தில் ஊறியது.

பேக்கரிக்குள் ஓடினார். முடிதிருத்தும் கடைக்குள் ஓடினார். கட்டில்களுக்கு நடுவே குழிகளைத் தாண்டித் தாண்டி ஓடினார். அரை மணிக்கு ஒரு மூச்சு மிச்சம் இருக்கையில் நாலாவது மாடிக்கு வந்து சேர்ந்தார். முதலாளி கைக்கடிகாரத்தை ஏமாற்றத்தோடு பார்த்தார். பக்கத்தில் ஆய்வாளர் விறைப்பாக நின்றார்.

லிஃப்ட்காரர் சாவி போட்டு வெளிக்கதவைத் திறந்தார். தரைக்கும் லிஃப்டின் கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. அதில், எம்பி எம்பிப் பார்த்த இயக்குநரின் நெற்றியும் கண்களும் தெரிந்தன.

"வந்துட்டியா ராசா! சீக்கிரம் நகத்து!"

நகர்த்து என்ற சொல் காதில் விழுந்ததும் லிஃப்ட்காரரின் கை அப்படியே நின்றது. பக்கத்துச் சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்தார். வாய் அசைய, மெதுவாக ஒருமுறை படித்தார். கீழே ஒட்டியிருந்த திருத்தத்தையும் படித்தார்.

"சார்…" என்று ஆய்வாளரிடம் திரும்பினார். "ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குள்ள சீட்டு கெடையாது. நின்னுட்டேதான் போகணும். கரண்ட்ல ஓடுது. ஆளச் சொமக்குது. இந்தக் கட்டடத்துக்குப் பொதுமக்கள் வந்துபோறாங்க. நான் இத நகத்துனா, என் லைசென்சு போயிருமா?"

ஆய்வாளர் சிரிக்க வாயெடுத்தார். பிறகு சிரிக்கவில்லை. அறிவிப்பைப் படித்தார். லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு முறை படித்தார். அவர் நேர்மையான அதிகாரி. சட்டைப்பையிலிருந்து 'பறிமுதல்' என்று அச்சிட்ட நாடாவை எடுத்து, லிஃப்ட் வாசலுக்குக் குறுக்கே ஒட்டினார்.

"என்னய்யா பண்ற?" என்று நெற்றி அலறியது.

"சார், மன்னிக்கணும். நீங்க தடை செய்யப்பட்ட ஊர்திக்குள்ள இருக்கீங்க."

"நான் இயக்குநர்யா! நான் சொல்றேன், நகத்து!"

"வாய்மொழி உத்தரவ ஏத்துக்காதீங்கன்னு நீங்கதான் சார் சுற்றறிக்கை அனுப்புனீங்க."

"அப்ப ஒரு நாற்காலியக் கொண்டாங்கடா! உள்ள போடுங்க! சீட்டு இருந்தா சரிதான?"

நாற்காலி வந்தது. ஒரு சாண் இடைவெளியில் அதன் கால் மட்டும் நுழைந்தது. முதலாளி தன் பங்குக்கு அதை உதைத்தும் பார்த்தார்.

"சரி, நான் கீழ உக்காந்துட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இப்ப யாரும் நின்னுட்டு இல்ல. பாத்துக்கோ!"

"தரை சீட்டு ஆகாது சார். ஸ்கூட்டர் பலகையில உக்காந்து போனவருக்கு நீங்களே அபராதம் போட்டிருக்கீங்க."

"யோவ் லிஃப்டு! நீயாவது சொல்லுய்யா!"

"எனக்கும் நகத்தணும்னுதான் சார் ஆசை" என்றார் லிஃப்ட்காரர். "பையன் படிச்சுட்டிருக்கான் சார். லைசென்சு போச்சுன்னா என்ன பண்ணுவேன்? எழுதி மட்டும் குடுத்திருங்க."

குழு முழுசாக உள்ளேயே இருந்ததால் கூட்டம் அங்கேயே கூடியது. லிஃப்டுக்கு மட்டும் விலக்கு என்று இயக்குநர் முன்மொழிந்தார். ஆய்வாளர் வெளியேயிருந்து மறுத்தார். "சட்டத்துல லிஃப்ட்னு ஒரு சொல்லே இல்லையே சார். இல்லாததுக்கு எப்படி விலக்கு?" இடப்பக்கத்து உறுப்பினர் தனிக்குழு அமைக்கலாம் என்றார். வலப்பக்கத்து உறுப்பினர் கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். அவருடைய கருத்தே வலுவாக இருந்ததால், தடையையே முழுக்க நீக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு சாண் இடைவெளியில் வெளியே வந்த கை, கண் தெரியாமல், தீர்மானத்தை எழுதிய தாளில் ஆய்வாளர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டது.

லிஃப்ட்காரர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, மேலே லிஃப்டின் இயந்திர அறைக்கு ஓடினார். சற்று நேரத்தில் லிஃப்ட் முனகி, ஏறி, தரைக்குச் சமமாக நின்றது. மூவரும் வெளியே வந்தார்கள். ஒருவர் வந்த வேகத்தில் மறைந்தார்.

"சார்" என்று லிஃப்ட்காரர் ஆய்வாளரிடம் கேட்டார், "அப்ப கீழ இருக்கிற என் ஸ்கூட்டரு?"

ஆய்வாளர் யோசித்தார். "எடுத்துக்க. அது இப்ப ஒண்ணுமே இல்ல."

இயக்குநர் இனி லிஃப்டிலேயே ஏறுவதில்லை என்று சபதம் செய்து, அவசரமாகப் படிக்கட்டில் இறங்கினார். வழுக்கி விழுந்து கால் முறிந்தது. படிக்கட்டு எந்தப் பிரிவிலும் சேராததால் அந்த விபத்து கணக்கில் வரவில்லை, சாதனைக்குப் பழுதில்லை. விருது விழாவை ஒத்திவைத்தார்கள்.

விழா மறுபடி வைத்த நாளன்று ஊரே நெரிசலில் நின்றது. இயக்குநரின் காரும் நின்றது. அவர் காலுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ், மருத்துவமனையிலிருந்து மின்சாரத்தில் ஓடும் சக்கர நாற்காலி ஒன்றை அனுப்பிவைத்தார். நாற்சந்தியில் ஆய்வாளர் அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"சீட்டு இருக்கு சார். தாராளமாப் போலாம்."

மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, தம் பணிக்காலத்தில் முதல் முறையாக இயக்குநர் காருக்கு வெளியே சாலையில் நகர்ந்தார். இடது பக்கம் பேருந்து உரசியது. முன்னால் ஒரு குழி வாயைப் பிளந்தது. நாற்காலி அதில் இறங்கி, நின்றது. பின்னாலிருந்து ஹாரன்கள் முதுகைத் தள்ளின. அப்போது பக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. லிஃப்ட்காரர் அவசரமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். ஆனாலும் இறங்கி, நாற்காலியைக் குழியிலிருந்து தூக்கிவிட்டார்.

இயக்குநர் அவர் கையை விடவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"யோவ்… இந்த ரோட்டுல எப்படிய்யா தினமும் போறீங்க?"

"அதத்தான் சார் அன்னைக்கு உங்ககிட்ட கேக்க வந்தேன்" என்றார் லிஃப்ட்காரர். "ஓட்டிக் காட்டச் சொல்லிட்டீங்க."

பின்னால் ஏதோ பெரிதாக உறுமியது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கைத் தாண்டி லாரி வந்துகொண்டிருந்தது. அதில் சீட்டு இருந்தது.